வளர்ச்சியா, பயிற்சியா? குழந்தையின் தெரபித் திட்டத்தை வாசிக்கும் வழி

மூன்று வயதாகியும் பேச்சு வராத பையனைப் பயிற்சி மையத்தில் சேர்க்கிறார்கள். ஆறு மாதத்தில் இருபது சொற்கள் வந்துவிடுகின்றன. "ஸ்பீச் தெரபி கொடுத்ததாலதான் பேசுறான்" என்கிறார் அம்மா. "அவங்கப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான். விட்டிருந்தா இவனும் தானா பேசியிருப்பான்" என்கிறார் பாட்டி. இருவரில் யார் சொல்வது சரி?

இவ்வளவு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. மருத்துவராலும் முடியாது. ஆனால் பதில் தெரிந்தாக வேண்டும். மாதாமாதம் கட்டும் கட்டணம், அம்மா வேலையை விடுவதா வேண்டாமா என்ற கேள்வி, இதே பயிற்சியைத் தொடர்வதா வேறொன்றுக்கு மாறுவதா என்ற குழப்பம் எல்லாமே இந்தப் பதிலை நம்பித்தான் இருக்கின்றன. விஞ்ஞானிகள் இந்தப் புதிரோடு பல பத்தாண்டுகள் போராடிச் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வழிகள், மையத்தில் உங்கள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தச் சிகிச்சைத் திட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த இரண்டு மூன்று பக்கம். பேஸ்லைன், லாங் டெர்ம் கோல், ஷார்ட் டெர்ம் கோல், மினிமல் பிராம்ப்ட், எய்ட்டி பர்சென்ட் அக்யூரசி என்று போகும். பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். பிறகு அதை யாரும் திறப்பதில்லை.

திறக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தாள் ஒரு கணிப்பு. இந்தக் குழந்தைக்கு இந்தப் பயிற்சியை இத்தனை காலம் கொடுத்தால் இந்த மாற்றம் வரும் என்று ஒரு தெரபிஸ்ட் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார். கணிப்பு என்றால் அது பொய்த்துப்போகவும் இடம் இருக்க வேண்டும். பொய்த்தால் பொய்த்தது என்று தெரிய வேண்டும். எப்படிப் பார்த்தாலும் "முன்னேற்றம் இருக்கிறது" என்றே முடியும்படி எழுதிய திட்டம் உங்களுக்கு எதையும் சொல்வதில்லை.

பாட்டியின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் உட்காருவது, நிற்பது, நடப்பது எப்போது என்று பதிவுசெய்து 2006-இல் வெளியிட்டது. பிடிமானமில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலும் நடந்திருக்கிறது, 17.6 மாதத்திலும் நடந்திருக்கிறது. இரண்டுமே இயல்பு. ஒன்றுக்கு இன்னொன்று இரு மடங்குக்கும் மேல்! பேச்சில் இந்த அகலம் இன்னும் பெரிது. தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் பிறகு மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் காத்திருந்து பார்ப்பது ஆபத்தான பந்தயம். பேச்சு தாமதமென்றால் முதல் வேலை செவித்திறன் சோதனை. காது கேட்காத குழந்தைக்கு ஆறு மாதம் பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்துக் காலத்தை இழந்துவிடக் கூடாது.

ஆக, குழந்தை சும்மா இருப்பதில்லை. தெரபி நடக்கிறதோ இல்லையோ, அதன் மூளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது அதன் வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. அந்த ஆறு மாதத்தில் எந்த மாற்றமும் வராமலிருந்தால்தான் வியப்பு. தெரபிக்கு முன், தெரபிக்குப் பின் என்று இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டால், நடுவில் நடந்த வளர்ச்சி முழுவதையும் தெரபியின் கணக்கிலேயே எழுதிவிடுவோம்.

இந்தத் தவறு எவ்வளவு பெரியதாகப் போகக்கூடும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. செக்ரிட்டின் என்பது சிறுகுடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன். கணையம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையில் அதை ஊசியாகப் போடுவார்கள். 1998-இல் அமெரிக்காவில், வயிற்றுக் கோளாறுக்காக இந்தச் சோதனை செய்யப்பட்ட ஆட்டிசக் குழந்தைகள் மூவர் சில வாரங்களில் மற்றவர்களைக் கண்ணுக்குக் கண் பார்க்கத் தொடங்கினார்கள், பேச்சு கூடியது என்று ஒரு மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. செய்தி தொலைக்காட்சியில் பரவியது. பெற்றோர் செக்ரிட்டின் தேடி அலைந்தார்கள். பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே அட்ரியன் சாண்ட்லரும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு செக்ரிட்டின், மறு பிரிவுக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. இப்படிப் பிரிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வயதால் வரும் வளர்ச்சி, நம்பிக்கையால் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேறு பயிற்சிகள் எல்லாம் இரு பிரிவுக்கும் சமமாகவே கிடைக்கும். மீதமிருக்கும் ஒரே வேறுபாடு மருந்து. சோதனையை முடித்தவர்கள் பிரிவுக்கு 28 பேராக 56 குழந்தைகள். ஆட்டிசக் குணங்களை 0 முதல் 158 வரை அளக்கும் ஓர் அளவுகோலில், எண் குறையக் குறைய நல்லது. நான்கு வாரத்தில் செக்ரிட்டின் போட்ட குழந்தைகளுக்குச் சராசரியாக 8.9 புள்ளிகள் குறைந்தன. உப்புநீர் போட்ட குழந்தைகளுக்கு 17.8 புள்ளிகள் குறைந்தன.

உப்புநீருக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுதான். ஆனால் எந்த மருந்தும் இல்லாமலேயே நான்கு வாரத்தில் இவ்வளவு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. காரணங்கள் பல. குழந்தை வளர்ந்தது ஒன்று. இன்னொன்றைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். எந்தக் குழந்தைக்கும் நல்ல வாரமும் வரும், மோசமான வாரமும் வரும். மிக மோசமான வாரத்தில்தான் நாம் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். அடுத்த வாரம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் நிலைமை வழக்கத்துக்குத் திரும்பியிருக்கும். மூன்றாவது, நம் கண். மாற்றம் வரும் என்று காத்திருப்பவர் கண்ணுக்குச் சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும். இது பெற்றோரின் குறை அல்ல, மனித மூளையின் இயல்பு. தெரபிஸ்டும் இதற்கு விலக்கல்ல.

அந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது வேறொரு எண். முடிவைச் சொன்ன பிறகும், பெற்றோரில் 69 சதவீதம் பேர் தங்கள் குழந்தைக்கு செக்ரிட்டின் கொடுப்பதில் இன்னும் ஆர்வம் இருப்பதாகவே சொன்னார்கள். பிள்ளைக்காக ஏங்கும் மனம் அப்படித்தான். அந்த ஏக்கத்தைக் காசாக்கும் கூட்டம் எல்லா ஊரிலும் இருப்பதால்தான், அளவீடு என்ற குளிர்ச்சியான விஷயத்தை இவ்வளவு சூடாகப் பேச வேண்டியிருக்கிறது.

சரி, ஆயிரம் குழந்தைகளுக்குக் குலுக்கல் சோதனை நடத்தலாம். என் வீட்டில் இருப்பது ஒரே குழந்தை. அதைப் பாதியாகப் பிரித்துச் சோதிக்க முடியுமா? முடியும் என்பதுதான் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு என்று நான் கருதுகிறேன். கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் பேர், மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி ஆகிய மூவர் 1968-இல் எழுதிய கட்டுரையில் இந்த வழியை விளக்கினார்கள். பன்முகத் தொடக்க அளவு என்று தமிழில் சொல்லலாம்.

அது இப்படி நடக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று திறன்களை எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வேண்டுமென்று கேட்பது, ட்ரவுசரைத் தானே மாட்டுவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி தொடங்குமுன் மூன்றையும் சில நாள் வெறுமனே அளக்கிறார்கள். பிறகு முதல் திறனுக்கு மட்டும் பயிற்சி. மற்ற இரண்டையும் அளப்பது மட்டும் தொடர்கிறது. சில வாரம் கழித்து இரண்டாவதற்குப் பயிற்சி தொடங்குகிறார்கள். இன்னும் சில வாரம் கழித்து மூன்றாவதற்கு. வயது ஏறுவதால்தான் மாற்றம் என்றால், மூன்று கோடுகளும் தம் போக்கில் ஏறும். பயிற்சி எப்போது தொடங்கியது என்பது அவற்றுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோடும் அதனதன் பயிற்சி தொடங்கும் வாரம்வரை படுத்திருந்து, தொடங்கியதும் எழுந்தால் அது பயிற்சியின் வேலை. இங்கே குழந்தை தனக்குத் தானே ஒப்பீடு. எந்தக் குழந்தையையும் பயிற்சி இல்லாமல் காக்க வைக்க வேண்டியதில்லை. நல்ல தெரபிஸ்டுகள் எல்லா இலக்கையும் ஒரே நாளில் தொடங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடந்த வழக்கை இந்தக் கோடுகள் தீர்த்துவைக்கும்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். முதலில் தேட வேண்டியது பேஸ்லைன் என்னும் தொடக்க அளவு. பயிற்சி தொடங்குமுன் குழந்தை எங்கே இருந்தது என்பதன் பதிவு. "கண் பார்ப்பதில்லை, பேச்சு குறைவு" என்று எழுதியிருந்தால் அது வருத்தம், அளவு அல்ல. "விளையாடிக்கொண்டிருக்கும்போது பெயர் சொல்லி 10 முறை கூப்பிட்டதில் 2 முறை திரும்பினான், மூன்று வெவ்வேறு நாட்களில் பார்த்தது" என்றால் அது அளவு. ஒரே நாளில் எடுத்தது போதாது, காரணத்தை மேலே பார்த்தோம்: அது மோசமான நாளாக இருந்திருக்கலாம். தொடக்க அளவு இல்லாமல் தொடங்கிய பயிற்சியின் பலனை எந்த நிபுணராலும் பிறகு மீட்டுச் சொல்ல முடியாது.

அடுத்தது இலக்கு. மாதிரிக்கு ஒரு வாக்கியம்: "பிடித்த தின்பண்டம் மூடிய டப்பாவில் கண்ணெதிரே இருக்கும்போது, யாரும் சொல்லிக் கொடுக்காமல், 'தா' என்று சொல்லியோ கை நீட்டிச் சைகை காட்டியோ, 10 வாய்ப்புகளில் 8 முறை, அம்மாவிடமும் வேறொருவரிடமும் கேட்பான், மூன்று மாதத்துக்குள்." நீளமான வாக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு பொறுப்பைச் சுமக்கிறது. எந்தச் சூழலில், எவ்வளவு உதவியோடு, எதைச் செய்வான், எத்தனை முறை, யாரிடம், எப்போதைக்குள் என்று ஆறு இடத்தில் இந்தக் கணிப்பு பொய்த்துப்போகக்கூடும். அதனால்தான் அது நல்ல இலக்கு. "தகவல் தொடர்புத் திறன் மேம்படும்" என்ற வாக்கியம் ஓரிடத்திலும் பொய்க்காது.

பத்துக்கு எட்டு என்ற 80 சதவீதக் கணக்கு எங்கு பார்த்தாலும் வரும். அது இயற்கை விதி இல்லை, துறையில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். சில திறனுக்கு அது பொருந்தாது. சாலையைக் கடக்குமுன் நிற்பதைப் பத்துக்கு எட்டு முறை செய்தால் போதுமா? அங்கே பத்துக்குப் பத்து வேண்டும். புதிதாக வரும் ஒரு சொல்லுக்குப் பத்துக்கு நான்கே பெரிய வெற்றி. இந்த எண்ணை எதற்காக எடுத்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

எந்த வகை இலக்கு என்பதும் முக்கியம். "இடது கை தசை இறுக்கம் குறையும்" என்பது உடலைப் பற்றியது. "இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடிப்பாள்" என்பது செயலைப் பற்றியது. "பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்" என்பது வாழ்வில் பங்கெடுப்பதைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வகுத்த செயல்திறன் வகைப்பாடு இந்த மூன்று தளங்களையும் பிரித்துக் காட்டுகிறது. முதல் தளத்தில் வரும் மாற்றம் தானாக மேலே ஏறிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பெருமூளை வாதக் குழந்தைகளுக்கான 64 சிகிச்சை முறைகளின் சான்றுகளை ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக் குழுவினர் அலசி 2013-இல் வெளியிட்டபோது, அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. டம்ளர் பிடிக்க வேண்டுமானால் டம்ளர் பிடித்துத்தான் பழக வேண்டும். குழந்தை தானே முயன்று செய்யும் பயிற்சிகளுக்குச் சான்று வலுவாக இருந்தது. குழந்தையைப் படுக்க வைத்து, பிறர் கைகாலை அசைத்துவிடும் முறைகளுக்கு அப்படி இல்லை. உங்கள் திட்டத்தில் முதல் தள இலக்குகள் மட்டுமே இருந்தால், அவை எந்தச் செயலுக்காக என்று கேளுங்கள்.

பிராம்ப்ட் என்று எழுதியிருப்பது உதவியின் அளவு. கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, முழங்கையை லேசாகத் தொடுவது, விரலால் சுட்டுவது, வாயால் சொல்வது, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது என்று அது படிப்படியாக இறங்கும். வீடு கட்டும்போது தளத்துக்கு அடியில் சென்ட்ரிங் அடித்து முட்டுக் கொடுக்கிறார்கள். கான்கிரீட் இறுகுமுன் முட்டைப் பிரித்தால் தளம் விழும். இறுகிய பிறகும் பிரிக்காமல் விட்டால் அந்த அறையில் யாரும் குடியிருக்க முடியாது. பயிற்சியில் உதவியும் அப்படியே. எப்போது, எந்த வரிசையில் பிரிப்பது என்பது திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாத அறிக்கையில் "90 சதவீதம்" என்று பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல், எந்த உதவியோடு 90 என்று பாருங்கள். கை பிடித்துச் செய்ய வைத்த 90 சதவீதத்தைவிட, குழந்தை தானாகச் செய்த 30 சதவீதம் மேலானது. சென்ற மாதம் 80, இந்த மாதம் 50 என்று இறங்கியிருந்தால், உதவியைக் குறைத்ததால் இறங்கியதா என்று கேளுங்கள். அப்படியானால் அந்த இறக்கம் ஒரு முன்னேற்றம்.

மையத்தில் செய்கிறான், வீட்டில் செய்வதில்லை என்பது அநேகமாக எல்லாப் பெற்றோரும் சொல்லும் குறை. குழந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த அறை, அந்த மேசை, அந்த அக்கா என்று எல்லாம் சேர்ந்துதான் அவன் கற்ற பாடம். புது இடத்துக்குத் திறன் பரவுவதைப் பொதுமையாக்கம் என்பார்கள். 1977-இல் ட்ரெவர் ஸ்டோக்ஸும் டொனால்ட் பேரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயிற்சியைக் கொடுத்துவிட்டுப் பரவல் தானாக நடக்கும் என்று நம்பிக் காத்திருப்பதே பெருவழக்கமாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். பரவலையும் திட்டமிட வேண்டும்: வேறு ஆள், வேறு அறை, வேறு பொருள். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் கோணம் உண்டு. வீட்டில் எல்லோரும் தமிழ் பேச, மையத்தில் படம் காட்டி "ஆப்பிள், டாக், கேட்" என்று பழக்கினால் அந்தச் சொற்கள் எங்கே போய்ப் புழங்கும்? "தண்ணி", "வேணும்", "போதும்", "வலிக்குது" என்ற சொற்களுக்கு அவன் வாழ்க்கையில் ஒரு நாளைக்கு எத்தனை வாய்ப்பு! வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. இரு மொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவுக்கு எந்த மொழியில் கொஞ்சத் தெரியுமோ அந்த மொழியில் பேசட்டும்.

படஅட்டை காட்டிக் கேட்கப் பழக்கினால் பிறகு பேசவே மாட்டானோ என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், கண்டிப்பான முறையில் நடத்திய சோதனைகளில் இடம்பெற்ற 27 பேரைப் பார்த்தார்கள். படமோ சைகையோ பயன்படுத்தியதால் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவு கூடியிருந்தது.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? இது பணத்தைத் தொடும் கேள்வி என்பதால் நேராகச் சொல்கிறேன். ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சிகள் குறித்த 144 ஆய்வுகளை, 9,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்வு 2024-இல் வந்தது. மணிக்கணக்கு கூடக் கூடப் பலனும் கூடுகிறது என்பதற்கு அதில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. குறைவாகக் கொடுத்தால் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கட்டாயம், இல்லாவிட்டால் பிள்ளை தேறாது என்று மிரட்டுவதற்கு அடிப்படை இல்லை என்று மட்டும் அர்த்தம்.

வீட்டுப் பயிற்சியும் அப்படித்தான். நோவக் குழுவினர் 2009-இல் பெருமூளை வாதக் குழந்தைகள் 36 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, வீட்டுப் பயிற்சித் திட்டம் வேலை செய்கிறதா என்று சோதித்தார்கள். எட்டு வாரத்தில் பயன் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பெற்றோர் செய்தது எவ்வளவு தெரியுமா? மாதத்துக்குச் சராசரியாக 17.5 முறை, ஒரு முறைக்கு 16.5 நிமிடம். நாள் முழுக்க வீட்டைப் பயிற்சிக்கூடமாக மாற்றிவிட்டு, அதிலும் தவறிய நாளை எண்ணிக் குற்றவுணர்வில் வேகும் அம்மாக்கள் இந்த எண்களைச் சமையலறையில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். ஆனால் இலக்கைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெற்றோரும் குழந்தைகளும்தான் என்பதையும் சேர்த்தே ஒட்ட வேண்டும்.

நம் பக்கத்திலேயே நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசக் குழந்தைகள் 65 பேர் பங்கேற்றார்கள். நிபுணர் அல்லாத பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். குழந்தை எந்த நொடியில் அம்மாவைத் தேடியது, அப்போது அம்மா பின்தொடர்ந்தாரா அல்லது "இதைச் சொல்லு, அதைச் செய்யி" என்று ஆணையிட்டாரா என்று கவனிப்பார்கள். 2016-இல் முடிவு வெளியானது. பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பதில் தருவது கூடியிருந்தது. குழந்தைகள் தாங்களாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடியிருந்தது. இருவரும் ஒன்றையே சேர்ந்து கவனிக்கும் நேரம் மட்டும், எதிர்பார்த்ததற்கு மாறாக, குறைந்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். எனக்கு இந்த ஆய்வின் மேல் நம்பிக்கை வருவது அந்த வரியால்தான். உங்கள் மையத்தின் அறிக்கையிலும் சில வரிகள் அப்படி இருக்க வேண்டும். எல்லாக் கட்டத்திலும் "முன்னேற்றம்" என்று டிக் அடித்த அறிக்கையைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக மறுஆய்வு. தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் இருவரும் 1968-இல் மனநல மையங்களுக்காக உருவாக்கிய இலக்கு எட்டும் அளவுகோல் இன்று குழந்தைகள் பயிற்சியிலும் பயன்படுகிறது. ஒவ்வோர் இலக்குக்கும் ஐந்து படிகளை முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். எதிர்பார்ப்பது 0. அதைவிடக் கொஞ்சம் கூடினால் +1, மிகவும் கூடினால் +2. குறைந்தால் -1, -2. பயிற்சி முடிந்த பிறகு கோட்டை நகர்த்த முடியாது என்பதுதான் இதன் பலம். இந்த அளவுகோலையே பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்தத் தேதிக்குள் இந்தப் படி வராவிட்டால் என்ன செய்வோம் என்ற ஒரு வரி எந்தத் திட்டத்திலும் வேண்டும். இலக்கைச் சிறிதாக்குவதா, முறையை மாற்றுவதா, வேறு நிபுணரிடம் அனுப்புவதா என்று அப்போது பேசிக்கொள்ளலாம். இலக்கு எட்டாதது குழந்தையின் தோல்வியும் அல்ல, உங்கள் தோல்வியும் அல்ல. கணிப்பு தவறியது, அவ்வளவுதான்.

உத்தரவாதம் தருகிறோம், முழுவதும் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெரிவித்த பிறகும் அதற்கு லட்சங்களைக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை அல்ல. பணம் தடையாக இருந்தால், 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்குக் கட்டணமில்லாமல் மதிப்பீடும் பயிற்சியும் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது ஃபைலிலுள்ள அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். தொடக்க அளவு எங்கே, எந்த உதவியோடு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் பேனாவால் வட்டமிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இல்லாததைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான தெரபிஸ்டுகள் இப்படிக் கேட்கும் பெற்றோரை விரும்புவார்கள். கேள்வி கேட்டதற்காக முகம் சுளிக்கும் மையத்தை விட்டு வந்துவிடுவதே நல்லது.